பன்னிரண்டுக்கு எட்டில் ஒரு கோழிக்கூடு

என் தையல் மெஷின் கொல்லைப்பக்க ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. வெளிச்சத்துக்காகப் போட்டதுதான். அடுத்த வீட்டை வேடிக்கை பார்க்கத்தான் அங்கே போட்டிருக்கிறேன் என்பார் என் வீட்டுக்காரர். அவர் மில்லில் ஷிப்டு முடித்து வந்து படுத்தால் கூரையே இடிந்து விழுந்தாலும் புரண்டு படுக்கிற ஆள். தெருவில் என்ன நடக்கிறது என்று யாராவது ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டாமா? நான் பார்த்தேன். அதனால் நூர்னிசா அக்காவைப் பற்றிச் சொல்ல இந்தச் சந்தில் என்னைவிடத் தோதான ஆள் கிடையாது.

அக்கா வீடு எங்கள் வீட்டை ஒட்டியது. இரண்டு கொல்லைக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுவர். அவர் வீட்டுக்காரர் முத்து முகம்மது பாய், ராஜபாளையம் கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் விற்றார். வீட்டில் அவருக்குப் பேச்சே கிடையாது. இரண்டு பேர் பேச்சையும் அக்காவே சேர்த்துப் பேசிவிடுவார். ஒரே மகன் பாரூக் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

அக்கா ஓர் இடத்தில் உட்காருகிற பிறவி இல்லை. காலையில் காய்கறிக்குப் போவார், பத்து மணிக்கு மறந்துபோன கொத்தமல்லிக்குத் திரும்பப் போவார். மூட்டுவலித் தைலம் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவார். அதே தைலம் எங்கள் தெருமுனைக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் அவர் பிறந்த ஊர், அதுதான் விஷயம். மூட்டு வலிக்கிறவர் இவ்வளவு நடக்கலாமா என்று கேட்டால், நடக்காவிட்டால்தான் வலிக்கிறது என்பார்.

கோழி வளர்த்ததும் இந்த நடைக்காகத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தேவதானத்தில் ஒரு தோட்டத்திலிருந்து வாங்கி வந்த ஒரு சேவலும் பெட்டையுமாக ஆரம்பித்துப் பன்னிரண்டாகப் பெருகியிருந்தன. அவற்றுக்குக் கூடு கிடையாது. கொல்லைச் சுவரில் ஏறிக் குதித்துப் பின்தெரு, மேலத்தெரு என்று மேய்ந்துவிட்டு வரும். சாயங்காலம் அக்கா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவற்றைத் தேடிக் கிளம்புவார். கோழிகளோடு மூன்று தெருச் செய்தியும் வீடு வந்து சேரும். அதற்குப் பிறகு அவை கொல்லையில் கிடந்த பழைய கட்டில் சட்டத்தில் ஏறி உட்கார்ந்து தூங்கும்.

போன வருஷம் ஐப்பசியில் நல்ல மழைக்காலத்தில் பாய் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அக்கா இத்தா இருந்தார். கணவரை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அவசியம் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருப்பதுதான் இத்தா. துணைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாத்தனார் வந்து தங்கினார். கொல்லையில் இறங்கலாம், நான் சுவரோரம் நின்றால் என்னோடு பேசலாம். தெருவாசலைத் தாண்டக் கூடாது. நடந்து நடந்தே ஆயுளைக் கழித்த மனுஷி எப்படித் தாங்கப் போகிறார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. கேட்டேவிட்டேன்.

"அவியளுக்காக இருக்கேன். இதுல எனக்குக் குறை ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. "காலுதான் கேக்க மாட்டேங்குது."

கால் மட்டுமா கேட்கவில்லை, கோழிகளும் கேட்கவில்லை. சாயங்காலம் தேடி வர ஆள் இல்லை என்றதும் அவை கண்ட இடத்தில் அடைய ஆரம்பித்தன. ஒன்று என் முருங்கை மரத்தில், இரண்டு கரண்டு பெட்டி மேல், சேவல் பக்கத்து வீட்டு பைக் சீட்டில். நாத்தனாருக்குக் கோழியைக் குழம்பில் பார்த்துத்தான் பழக்கம். பின்தெருவில் ஒருவர் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார், பால் வெள்ளையில் கன்றுக்குட்டி உயரத்துக்கு. ஒருநாள் விடிகாலையில் அது ஒரு பெட்டையைக் கவ்விக் குதறிவிட்டது. நாய்க்காரர் வாசலில் வந்து நின்று, நாய் என்றால் அப்படித்தான் இருக்கும், கோழியை அடைத்து வையுங்கள் என்று நியாயம் சொல்லிவிட்டுப் போனார். நான் அவரை நாலு வார்த்தை கேட்டேன். கேட்டு என்ன பிரயோஜனம், செத்தது செத்ததுதான்.

அன்றைக்கே பாரூக் போன் பண்ணினான். "ஒரு கூடு செஞ்சிருவோம்மா, நீங்க கவலைப்படாதீங்க" என்றான். வாட்ஸ்அப்பில் பத்துப் பதினைந்து படம் அனுப்பினான். சிவப்புப் பெயிண்டு அடித்து, ஜன்னல் வைத்து, வெளிநாட்டுப் புல்தரையில் நிற்கிற கூடுகள். அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு போனைச் சுவர் மேல் என் பக்கம் நகர்த்தினார்.

"நம்ம வீட்டைவிட நல்லாருக்கு. இதுல கோழி எங்கட்டி மேயும்?" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற இம்மானுவேல் அளவெடுக்க வந்தார். முற்றத்துக் கதவு, மாடிப்படிக் கைப்பிடி என்று எங்கள் பகுதியில் பாதி இரும்பு அவர் கைப்பட்டது. கோழிக்கூடும் நிறையச் செய்திருக்கிறார். அவர் கொல்லை வழியாக உள்ளே வந்தார். அக்கா அடுப்படிக் கதவை ஒரு சாண் திறந்துவைத்துவிட்டு உள்ளே நின்றுகொண்டார். நடுவில் நான். அவர் கேட்பதை நான் கதவிடம் சொல்ல வேண்டும், கதவு சொல்வதை அவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்கும். முறை என்று ஒன்று இருக்கிறதே.

"எத்தனை கோழிக்கா?" என்றார் இம்மானுவேல்.

"பதினொண்ணு. ரெண்டு சேவல், மிச்சம் பெட்டை. அதுல ஒண்ணு அடையில இருக்கு."

"பகல்ல வெளிய விடுவாவளா, இல்ல பூரா நேரமும் உள்ளதானா?"

கதவுக்குச் சொல்வதற்கு முன்னால் நானே கேட்டேன், இரண்டுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று.

"அதுலதானக்கா இருக்கு அம்புட்டும். ராத்திரி அடைஞ்சு தூங்க மட்டும்னா ஆறுக்கு நாலு போதும். கம்புல வரிசையா ஒட்டி உக்காந்துக்கிடும், விடிஞ்சதும் எறங்கிப் போயிரும். பூரா நேரமும் உள்ளன்னா அது மாதிரி நாலு பங்கு வேணும். தலைக்கு எட்டு சதுர அடியாவது இல்லன்னா ஒண்ணை ஒண்ணு கொத்த ஆரம்பிச்சிரும். மொதல்ல எறகைப் புடுங்கும், பொறவு ரத்தத்தைப் பாத்துருச்சுன்னா விடாது. கோழி எத்தனைன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருதாவ, கூட்டுல அது என்ன செய்யப் போகுதுன்னு யாரும் யோசிக்கது இல்ல."

எனக்கு இது புரிந்தது. ஜாக்கெட் தைக்கும்போது உடம்பின் அளவுக்கே வெட்டிவிட்டால் கையைத் தூக்க முடியாது. மூச்சு இழுத்து விடவும் துணி விட வேண்டும்.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா மெதுவாகச் சொன்னார். "இனிமே எங்க வெளிய விட. நாய் இருக்கு. பன்னெண்டுக்கு எட்டுன்னு சொல்லு கல்பனா. உசரம் ஆள் நிமிந்து போற மாதிரி இருக்கணும். கூட்டிப் பெருக்கவும் முட்டை எடுக்கவும் என்னால குனிய முடியாது."

நான் சொன்னேன். இம்மானுவேல் டேப்பை இழுத்து மதில் சுவரிலிருந்து துவைக்கல் வரைக்கும் பிடித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. செல்போனில் குறித்துக்கொண்டு போனார். அந்தச் சாயங்காலம் அக்கா சுவரோரம் வந்து, எந்தப் பக்கம் நிழல் விழும், முட்டைப் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். பாய் இறந்த பிறகு அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

கூடு குட்டியானையில் வந்து இறங்கியது. அந்தச் சின்ன வண்டியில் பன்னிரண்டடி நீளம் எப்படி ஏறும் என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தால், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி. நாலடி நீளம், அகலம் இரண்டரை அடி வருமா என்றே தெரியவில்லை. கிளிப்பச்சைப் பெயிண்டு. அடியில் நாலு சக்கரம் வேறு, ஆஸ்பத்திரியில் சாப்பாடு தள்ளிக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரி.

"இது என்ன தம்பி, பொம்மைக்குச் செஞ்சதா?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

இம்மானுவேல் விழித்தார். "பாரூக் தம்பி போன் பண்ணுச்சேக்கா. அம்மா சொன்ன அளவு வேண்டாம்னு சொல்லிச்சு. அகலம் ரெண்டரை அடிக்கு மேல ஒரு இஞ்சு போகக் கூடாது, லிப்டு வாசல் அம்புட்டுதான்னு. வீலும் அதான் வைக்கச் சொல்லிச்சு. வீட்டுல எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டாவன்னுல்ல நெனச்சேன்."

அடுப்படிக் கதவு எப்போதும் போல ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளிருந்து அக்கா குரல் வந்தது.

"எந்த லிப்டுன்னு கேளு கல்பனா."

நான் கேட்க வேண்டியதே இல்லை. இம்மானுவேல் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார். "கோயம்புத்தூர்ல தம்பி வீட்டு லிப்டு."

கதவு சாத்திக்கொண்டது. தன்னுடைய மிச்ச ஆயுள் எங்கே கழியப் போகிறது என்பதை நூர்னிசா அக்கா தெரிந்துகொண்டது இப்படித்தான், ஒரு கோழிக்கூட்டின் அகலத்தை வைத்து. இம்மானுவேல் கூட்டை இறக்கிவைத்துவிட்டு, காசு பற்றிக்கூடப் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அக்கா எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஆகையால் அன்றைக்கு நடந்த பேச்சு எனக்கு ஒட்டுக்கேட்காமலே கேட்டது.

"நானே சொல்லணும்னுதான்ம்மா இருந்தேன். இத்தா முடியட்டும், நேர்ல வந்து சொல்லுவோம்னு நெனச்சேன்" என்றான் பாரூக். "அத்தா போனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க அங்க ஒத்தையில விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? கோழிய விட்டுட்டு வர மாட்டீங்கன்னு தெரியும். நாலு கோழியை பால்கனியில வச்சுக்கலாம். அசோசியேஷன்ல நான் பேசிட்டேன். மிச்சத்த கல்பனாக்காட்ட குடுத்துருவோம்."

"எனக்கு எங்க எடம்?"

"தனி ரூம்ம்மா. பத்துக்கு எட்டு. ஏசி மாட்டிட்டேன்."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. அடுத்த பிளாக்கு செவருதான் தெரியும், ஆனா காத்து வரும்."

"கீழ எறங்கினா என்ன இருக்கு?"

"மெயின் ரோடும்மா. ஒத்தையில எறங்கிராதீங்க. ஞாயித்துக்கிழம நானோ நௌஷீனோ கூட்டிட்டுப் போவோம்."

நௌஷீன் அவன் மனைவி. நல்ல பெண். மாமியாருக்காகத்தான் அவர்கள் இரண்டு பெட்ரூம் வீட்டை விட்டுவிட்டு மூன்று பெட்ரூமுக்கு மாறியிருக்கிறார்கள் என்று அந்தப் பேச்சிலேயே தெரிந்தது. அக்கா "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செத்த நேரம் கழித்துச் சுவரோரம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"எனக்கு மூச்சு முட்டுதுட்டி" என்றார். "அவிய மௌத்தான அன்னிக்குக்கூட இப்பிடி முட்டல."

"வர மாட்டேன்னு சொல்லிர வேண்டியதுதானக்கா. பிள்ளைதான, வாயில போட்டு முழுங்கிரவா போகுது?"

"அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. நல்ல பிள்ள அவன். அதான் பயமா இருக்கு. கெட்ட பிள்ளயா இருந்தா எப்பமே சொல்லிருப்பேன்."

என் மாமியார் வீட்டில் எனக்கு இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. அங்கே எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள், நானும் பேசுவேன். அன்போடு கதவைச் சாத்துகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நாய்க்குப் பயந்து கோழிகளை அந்தப் பச்சைப் பெட்டிக்குள்தான் போட்டோம். பதினொன்றும் உள்ளே போயின. போயின என்றால், நாத்தனார் கதவைப் பிடித்துக்கொள்ள, அக்கா ஒவ்வொன்றாகத் திணித்தார். முதல் நாள் ஒரே கூச்சல். இரண்டாம் நாள் கூச்சல் குறைந்தது, அதுதான் கெட்ட குறி. பெரிய சேவல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்த எல்லாவற்றையும் கொத்தியது. தகரக் கூரை தாழ்வாக இருந்ததால் மத்தியானத்தில் எல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. அடையில் இருந்த கருப்புப் பெட்டை, மற்றவை மிதித்து முட்டை இரண்டு உடைந்ததும், மிச்ச முட்டைகளை விட்டு எழுந்துவிட்டது. செம்பழுப்புப் பெட்டை ஒன்றுக்கு முதுகில் இறகே இல்லாமல் போய், தோல் தெரிந்து, அதில் ரத்தப் புள்ளிகள் வந்துவிட்டன. இம்மானுவேல் சொன்ன வரிசை அப்படியே நடந்தது.

அக்கா அந்தச் செம்பழுப்பைத் தனியாக எடுத்து, முதுகில் மஞ்சள் குழைத்துப் பூசி, மடியில் வைத்துக்கொண்டு கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் அவர் அசையவில்லை. பிறகு கோழியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இம்மானுவேலை வரச் சொல்லு" என்றார்.

அடுத்த நாள் காலையில் இம்மானுவேல் வந்து கொல்லையில் நின்றார். அதே கதவு, அதே ஒரு சாண் திறப்பு, நடுவில் நான். நான் பேச வாயைத் திறப்பதற்குள் கதவு பேசியது, என்னிடம் இல்லை.

"தம்பி இம்மானுவேலு, நான் நூர்னிசா பேசுதேன்."

நாத்தனார் உள்ளே பதறிவிட்டார். "மதினி, சத்தம் வெளிய போகலாமா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"தேவைக்குப் பேசலாம். பள்ளிவாசல் ஹஜ்ரத்து வீட்டுல போன் போட்டுக் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா தொடர்ந்தார். "தம்பி, நான் மொத சொன்ன அளவுதான். பன்னெண்டுக்கு எட்டு. ஆள் நிமிந்து போற உசரம். மேல பாதிக்குத் தகரம், மிச்ச பாதிக்குக் கம்பி வலை. வலைய மண்ணுக்குள்ள ஒரு அடி எறக்குங்க, கீரி தோண்டாம. ஆள் போற கதவு ஒண்ணு."

"சரிம்மா" என்றார் இம்மானுவேல். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கூட்டுக் காலை சும்மா மண்ணுல ஊன வேண்டாம். குழி எடுத்து கான்கிரீட் போட்டு நட்டுருங்க."

இம்மானுவேல் கொஞ்சம் தயங்கினார். "கான்கிரீட் போட்டா பொறவு எடுக்க முடியாதும்மா. பேத்தாத்தான் உண்டு."

"எடுக்க வேண்டாம்."

"பாரூக் தம்பிட்ட ஒரு வார்த்தை..."

"அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். இனி அளவு மாத்தணும்னா நான்தான் சொல்லணும். வேற யாரு போன் பண்ணாலும் மாத்தாதிய."

அவ்வளவு பெரிய காரியம் எதுவும் நடந்துவிடவில்லை, ஒரு பெண் தன் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூட்டுக்கு அளவு சொன்னார். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது, வந்ததைச் சொல்கிறேன். இம்மானுவேல் பச்சைப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அகலம் குறைந்த சந்துக்காரர்கள் யாராவது முயல் வளர்க்க வாங்கிக்கொள்வார்களாம்.

கூடு எழும்பியபோது கொல்லையில் பாதி போய்விட்டது. துவைக்கல்லை நகர்த்த வேண்டியிருந்தது. உள்ளே உட்காரக் குறுக்கே இரண்டு கம்பு, இருட்டான மூலையில் மூன்று முட்டைப் பெட்டி. கோழிகளைத் திறந்து விட்டதும், சேவல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடிப் பார்த்தது. அதன் பிறகு யாரும் யாரையும் கொத்தவில்லை. தள்ளிப் போக இடம் இருந்தது, அவ்வளவுதான். செம்பழுப்புக்குப் பத்து நாளில் முள்முள்ளாக இறகு முளைத்தது.

இத்தா முடிந்த அன்றைக்கு பாரூக் காரோடு வந்தான். நௌஷீன் மாமியாருக்குப் புதுச் சேலை கொண்டு வந்திருந்தாள். வந்ததும் கொல்லைக்குப் போனவன், அப்படியே நின்றுவிட்டான். போனில் அக்கா சொல்லியிருந்தாராம், கூடு கட்டுகிறேன் என்று. இவன் ஏதோ கவிழ்த்து மூடுகிற மூங்கில் பஞ்சாரம் மாதிரி நினைத்திருக்கிறான்.

"இதை எப்பிடிம்மா கொண்டு போறது?" என்றான்.

"கொண்டு போறதுக்குச் செய்யல."

அவன் தூணை ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. திரும்பவும் ஆட்டினான். அப்புறம் அந்தத் தூணிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். தகப்பன் இறந்தபோது வந்தவர்களைக் கவனிப்பதிலேயே இருந்துவிட்ட பிள்ளை, இப்போதுதான் அழுதான் என்று நினைக்கிறேன். அக்கா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். வர மாட்டேன் என்று அவரும் சொல்லவில்லை, வாங்க என்று அவனும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். புரண்டு படுத்தார்.

மறுநாள் ஏணி வந்தது. பாரூக் தன் கையாலேயே கேமரா மாட்டினான். வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கொல்லையில் அடுப்படிச் சுவர் உச்சியில் ஒன்று. "இது ஒண்ணாவது நான் சொல்றத கேளுங்கம்மா. அங்கேருந்து பாத்துக்கிட்டா எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்" என்றான். இதற்கு எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? அக்கா சரி என்றார். நாத்தனார் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார். மகனும் மருமகளும் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் கேமராவுக்கு வாய் இருக்கிறது என்பது எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அக்கா கொல்லையில் தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். சுவர் உச்சியிலிருந்து பாரூக் குரல் வந்தது: "அம்மா, வெயில்ல நிக்காதீங்க." கோழிகள் பறந்தடித்துக்கொண்டு கம்பில் ஏறின. அக்கா கையிலிருந்த கிண்ணம் விழுந்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன். அக்காவும் அன்றைக்குச் சிரித்தார்.

பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. செருப்பை மாட்டினால் வாசல் கேமரா "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டது. திரும்பி வந்தால் "ஏம்மா இம்புட்டு நேரம்?" என்றது. கூடத்தில் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் "உடம்பு சரியில்லையா?" என்று பதறியது. அவன் வேலைக்கு நடுவில் அன்பாகத்தான் பார்க்கிறான். ஆனால் பதில் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அலுத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவது நின்றது. கொத்தமல்லிக்கு இரண்டாம் தடவை போவதும் நின்றது. முழுக்கை ஜாக்கெட்டும் முக்காடும், கூடத்துக் கேமராவில் தெரிகிற அடுப்படியிலும் கழற்றாமல் இருந்தார். கேட்டால், அவன் பக்கத்தில் ஆபீசில் யாரேனும் நின்று பார்த்தால் என்ன செய்வது என்றார். இத்தாவுக்கு முடிகிற நாள் ஒன்று இருந்தது. இதற்கு இல்லை. பிடுங்கி எறிந்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். பிள்ளைக்குத் தூக்கம் போய்விடுமே என்றார் அக்கா.

போன வாரம் மத்தியானம் பாரூக் எனக்கு போன் பண்ணினான்.

"கல்பனாக்கா, அம்மா ரொம்ப நேரமா எந்தக் கேமராவுலயும் இல்ல. வாசல் வழியா வெளிய போன மாதிரியும் தெரியல. போனும் எடுக்க மாட்டேங்காங்க. செத்த எட்டிப் பாருங்களேன்."

போனைக் காதில் வைத்தபடியே போய்ச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கொல்லையில் யாரும் இல்லை. திறந்திருந்த அடுப்படிக் கதவு வழியாக, மேடையில் அக்காவின் செல்போன் கிடப்பது தெரிந்தது. அப்புறம்தான் கூட்டுக்குள் பார்த்தேன்.

தகரம் போட்ட பாதியில், ஒரு பெயிண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். முக்காடு இல்லை. முடியை அவிழ்த்து விட்டிருந்தார். ஜாக்கெட் கை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தது. இரண்டு காலையும் நீட்டி, கையில் டீ டம்ளரோடு, சுற்றிக் கோழிகள் கிளறிக்கொண்டிருக்க, சும்மா இருந்தார். மேலே சுவர் உச்சியிலிருந்து கேமரா தகரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பாரூக் கூப்பிட்டபோதெல்லாம் அந்த போன் அடித்தது அவருக்கும் கேட்டிருக்கும். நான் காதில் போனோடு நிற்பதையும் பார்த்தார். வாயில் விரல் வைக்கவில்லை, தலையாட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு ஒரு வாய் டீ குடித்தார்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? அம்மா இருக்காங்களா?" என்றான் பாரூக்.

"நல்லாருக்காவ தம்பி. வெளிய போயிருக்காவ" என்றேன்.

"எங்க?"

"நான் கேக்கல."

"எப்ப வருவாங்கன்னு சொன்னாங்களா?"

"அவியளுக்குத் தோணும்போது வருவாவ" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.